பென் டிரைவில் எல்லாமே ஷார்ட்கட் ஆகிவிட்டது. வீட்டுக் கணினியை எப்படிக் காப்பாற்றுவது?

#1 செம்பருத்தி | வெள்ளி, இரவு 9.12

வணக்கம். நான் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். (பத்தாங் பெர்ஜுந்தாய் என்று பழைய பெயரைச் சொன்னால்தான் என் மாமியாருக்குப் புரியும்.) கொஞ்சம் பதற்றத்தோடுதான் எழுதுகிறேன்.

மகள் நான்காம் படிவம். நேற்று அவளுடைய வரலாற்று ஃபோலியோ 22 பக்கத்தை அச்சடிக்க டவுனில் ஒரு போட்டோஸ்டாட் கடைக்குப் போனோம். வீட்டுப் பிரிண்டரில் மை தீர்ந்து மாசக்கணக்காகிறது. கடைக்காரர் பென் டிரைவைச் செருகினார், அச்சடித்தார், 6 வெள்ளி 60 காசு கொடுத்தோம், வந்துவிட்டோம்.

வீட்டில் அதைச் செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு குட்டி அம்புக்குறி. சொடுக்கினால் ஒரு கறுப்புச் சன்னல் கண் சிமிட்டும் நேரத்துக்கு வந்து மறைகிறது, அப்புறம் ஃபோல்டர் வழக்கம்போலத் திறக்கிறது. சரி, ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். இன்று காலையில் வேறொரு பென் டிரைவைப் போட்டேன். அதிலும் அதே அம்புக்குறி!

இந்தக் கணினியில்தான் கோவில் திருவிழாக் கணக்கு இருக்கிறது, நான் துணைப் பொருளாளர். இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே பென் டிரைவில் கணக்குக் கோப்புகள் சில காணாமல் போயின. அப்போது மகள்தான் விளையாட்டாக அழித்துவிட்டாள் என்று நினைத்து விட்டுவிட்டோம்.

லேப்டாப் 2016-இல் வாங்கியது, விண்டோஸ் 10. மெதுவாக இருக்கிறது என்று கணவர் நண்பர் ஒருவரிடம் கொடுத்து ‘எல்லாம் போட்டு’ வாங்கி வந்தார். இப்போது 199 வெள்ளிக்கு ஒரு ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

#2 மஞ்சள் மோட்டோ | வெள்ளி, இரவு 9.30

ஃபார்மட் போடுங்க, முடிஞ்சது.

#3 ராத்திரி ஷிஃப்ட் | வெள்ளி, இரவு 10.05

அக்கா, ஃபார்மட் போட்டுவிடாதீர்கள்! கோப்புகள் பெரும்பாலும் அதே பென் டிரைவிலேயே பத்திரமாக இருக்கும். இனிமேல் அந்த ஷார்ட்கட் எதையும் சொடுக்க வேண்டாம். வைஃபையை அணைத்துவிடுங்கள்.

இந்த வகைப் புழு (தானாகப் பரவும் வைரஸ்) ஃபோல்டர்களை அழிப்பதில்லை. அவற்றின் மேல் ‘மறைவு’, ‘சிஸ்டம்’ என்று இரண்டு முத்திரை குத்தி ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றெழுத்து மட்டும் இருக்கும். நீங்கள் ஷார்ட்கட்டைச் சொடுக்கியதும் முதலில் தன் ஸ்கிரிப்டை ஓட்டிக் கணினிக்குள் குடியேறிவிடுகிறது. நீங்கள் பார்த்த கறுப்புச் சன்னல் அதுதான். அப்புறம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உண்மையான ஃபோல்டரைத் திறந்து காட்டுகிறது. கேட்டது கிடைத்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. குடியேறிய பிறகு எந்தப் பென் டிரைவைச் செருகினாலும் அதற்கும் தொற்றும். உங்கள் இரண்டாவது பென் டிரைவுக்கு நேர்ந்தது அதுதான்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, பென் டிரைவின் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது? இரண்டு, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தால் டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) ஓடுகிறதா?

#4 போட்டோஸ்டாட் தம்பி | வெள்ளி, இரவு 10.48

நான் இதே தொழிலில் இருக்கிறேன் (வேறு ஊர், வேறு கடை). கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் எங்கள் நிலைமையையும் கேளுங்கள்.

பள்ளி நாளில் ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பென் டிரைவ் வரும். முக்கால்வாசியில் ஏதாவது ஒன்று ஏற்கெனவே இருக்கும். பாவம், கொண்டு வருகிறவருக்கே தெரியாது. ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் சோதித்து முடிக்கும்வரை வரிசையில் நிற்கிறவர் ‘இன்னுமா?’ என்பார். அதனால் பல கடைகளில் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள், அது தப்புதான், மறுக்கவில்லை. எங்கள் கடையில் கணினியை அணைத்துப் போட்டால் காலையில் இருந்த நிலைக்கே திரும்பும்படி செய்து வைத்திருக்கிறோம். ஆனாலும் நடுப்பகலில் வந்த புழு சாயங்காலம்வரை உயிரோடுதான் இருக்கும், இல்லையா?

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. பென் டிரைவே கொண்டு வராதீர்கள். கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி மின்னஞ்சலிலோ புலனத்திலோ (வாட்ஸ்அப்) கடைக்கு அனுப்பிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கடைக்கென்றே ஒரு மலிவுப் பென் டிரைவ், அதில் அன்றைக்கு அச்சடிக்க வேண்டிய கோப்பு மட்டும். பழைய கேமரா எஸ்டி கார்டு இருந்தால் இன்னும் நல்லது, அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும் பாருங்கள், அதைக் கீழே தள்ளிவிட்டால் கார்டு ரீடர் எதையும் எழுத விடாது. கோவில் கணக்கும் குடும்பப் படமும் இருக்கிற பென் டிரைவை ஊர்க் கணினியில் செருகக் கொடுப்பது, வீட்டுச் சாவிக்கொத்தை மொத்தமாகக் கடையில் வைத்துவிட்டு வருவது மாதிரி.

#5 செம்பருத்தி | சனி, காலை 8.20

ஷிஃப்ட் தம்பி சொன்னபடி பார்த்தேன். பென் டிரைவ் 16 ஜிபி, அதில் 9.3 ஜிபி நிரம்பியிருக்கிறது! கண்ணுக்குத் தெரிகிற ஷார்ட்கட்டுகளின் அளவைக் கூட்டினால் சில கேபிதான். அப்படியென்றால் உள்ளே இருக்கிறது, சரிதானே? ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம் போல.

டிஃபெண்டர் விஷயம்தான் புரியவில்லை. அணைந்து கிடக்கிறது. ஆன் செய்யலாம் என்று போனால் பொத்தான் மங்கலாக இருக்கிறது, அழுத்த முடியவில்லை. மேலே சிவப்பில், இந்த அமைப்பை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எனக்கு எந்த நிறுவனம்? நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறவள்.

#6 ராத்திரி ஷிஃப்ட் | சனி, காலை 11.15

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். அக்கா, அந்த ‘நிறுவனம்’ உங்கள் கணவரின் நண்பர்தான். கோபப்படாமல் கேளுங்கள்.

‘எல்லாம் போட்டு’ என்று எழுதினீர்களே, அப்போதே சந்தேகம் வந்தது. விண்டோஸையும் ஆஃபீஸையும் காசு கொடுக்காமல் இயக்க ஆக்டிவேட்டர் என்று ஒன்றை ஓட்டுவார்கள். அதை ஓட்டுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும் என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருக்கும். ‘இது வெறும் தப்பெச்சரிக்கை, பயப்படாதே’ என்று சேர்த்தும் எழுதியிருப்பார்கள். நண்பர் டிஃபெண்டரைக் கொள்கை அமைப்பு வழியாக நிரந்தரமாக மூடியிருக்கிறார். பெரிய அலுவலகங்களில் பயன்படுத்தும் அதே வழி, அதனால்தான் ‘நிறுவனம்’ என்று வருகிறது. ஆக, இத்தனை வருடமும் உங்கள் வீட்டில் காவல்காரன் இல்லை. கடைக்காரர் கணினியிலிருந்து புழு வந்தது உண்மைதான், ஆனால் டிஃபெண்டர் விழித்திருந்தால் இந்தப் பழைய வகையை முதல் சொடுக்கிலேயே அடித்துப் போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

இதைத் துடைத்துத் துடைத்து உட்காருவதைவிட விண்டோஸைப் புதிதாகப் போடுவதே மேல், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆக்டிவேட்டரோடு சேர்ந்து வேறு என்னென்ன வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செலவு இல்லை. 2016-இல் விண்டோஸ் 10 ஹோமோடு வந்த லேப்டாப் என்றால் அதன் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். நண்பர் அதன் மேல் ப்ரோ பதிப்பைப் போட்டிருப்பார், தேவையே இல்லை. வேறொரு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் வட்டு செய்து, அதிலிருந்து ஹோம் போடுங்கள். இணையத்தில் சேர்ந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

அதற்கு முன்னால் உங்கள் ஆவணங்கள், படங்கள் மட்டும் ஒரு ஹார்ட் டிஸ்குக்கு. மென்பொருள் நிறுவல் கோப்பு எதையும் எடுத்துப் போகாதீர்கள், அதில்தான் திரும்பி வரும்.

பென் டிரைவைக் கடைசியாகத் தொடுங்கள். புதிய விண்டோஸில் டிஃபெண்டர் ஓடுகிறது, அப்டேட் முடிந்தது என்று பார்த்த பிறகு செருகி, முழு ஸ்கேன். ஆன்டிவைரஸ் ஷார்ட்கட்டுகளை அழிக்கும், ஆனால் ஒளித்து வைத்ததை எடுத்துத் தராது. இது பலருக்குத் தெரியாது. ‘வைரஸ் போச்சு, கோப்பும் போச்சு’ என்று நினைத்துப் பென் டிரைவைத் தூக்கிப் போடுகிறவர்கள் இதனால்தான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ, அங்கே மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டும், சரி கொடுங்கள். மங்கலாகத் தெரிகிற ஃபோல்டர்கள்தான் உங்களுடையவை. வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு அந்த டிக்கைத் திருப்பிப் போட்டுவிடுங்கள்.

#7 மஞ்சள் மோட்டோ | சனி, பிற்பகல் 1.02

ஷிஃப்ட் அண்ணே, எடுத்த எடுப்பில் ஆக்டிவேட்டர் மாதிரியான கிராக்கைத் திட்டுகிறீர்கள். நான் எட்டு வருடமாக கிராக்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஆஃபீஸ் உரிமத்தின் விலைக்கு வீட்டுக்கு ஒரு மாச மளிகை வாங்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் காசு கொடுத்துத்தான் கணினி கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் யாரும் கற்றிருக்க மாட்டோம்.

#8 கல்யாண கேமரா | சனி, பிற்பகல் 3.40

மோட்டோ தம்பி, நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு ஏழாவது வருடத்தில் ஆனது.

2020, எம்சிஓ (கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு) நேரம். மார்ச் 18-க்குப் பிறகு கல்யாணம் ஒன்றும் இல்லை, வீட்டில் சும்மா. சரி, பழைய ஆல்பங்களை முடித்துக் கொடுத்துவிடலாம் என்று ஆல்பம் வடிவமைக்கிற மென்பொருளுக்கு ஒரு கிராக் இறக்கினேன். ஜிப் கோப்பு, பாஸ்வேர்ட் 1234. (பாஸ்வேர்ட் ஏன் போடுகிறார்கள் தெரியுமா? ஆன்டிவைரஸால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாமல் இருக்கத்தான். அப்போது எனக்கு அது தெரியாது.) ஓட்டினேன். மென்பொருள் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக விண்டோஸ் அப்டேட் நடக்கிறது என்று ஒரு சன்னல், சதவீதம் மெல்ல ஏறுகிறது. அப்டேட்தானே என்று தேநீர் போடப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் டெஸ்க்டாப்பில் இருந்த ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு கடிதம்: 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி விலை, 490. நகைக்கடைத் தள்ளுபடி மாதிரி. காப்பு என்று வைத்திருந்த 2 டிபி வெளி ஹார்ட் டிஸ்கும் அப்போது செருகியே இருந்தது. அதுவும் போனது.

பிறகு தேடிப் பார்த்ததில் அதன் பெயர் ஸ்டாப் டிஜாவு. கிராக் வழியாகவே பரவுகிற வகை, அதாவது என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் என்ற தளத்தில் இலவச மீட்புக் கருவிகள் உண்டு. என் கோப்பைப் பூட்டியது ஆன்லைன் சாவி, அதாவது எனக்கென்று தனியாக உருவாக்கி அவர்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டது. அதற்குக் கருவி இல்லை. ஆஃப்லைன் சாவி மாட்டியிருந்தால் பிழைத்திருப்பேன், அது அதிர்ஷ்டம்.

ஒரு சின்ன ஆறுதல். இந்த வகை வேகத்துக்காக ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபியை மட்டும்தான் பூட்டும். வீடியோ பல ஜிபி என்பதால், அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாக வைத்துப் பழுதுபார்க்கும் கருவியால் பாதிக்கு மேல் மீட்டேன். படங்களுக்கு அது சரிவரவில்லை. மூன்று குடும்பங்களுக்குப் போன் செய்து சொல்ல வேண்டியிருந்தது. அதில் ஒரு மணப்பெண்ணின் பாட்டி அதற்குள் தவறியிருந்தார். அவர் தாலிக்கு அட்சதை போடும் படம் என்னிடம் மட்டும்தான் இருந்தது. நான் பேசி முடித்த பிறகு அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை.

பணம் கட்டவில்லை. இரண்டு நாள் கழித்து என் முகநூல் பக்கத்துக்குள்ளும் யாரோ நுழைந்தார்கள். பூட்டுவதற்கு முன்னாலேயே பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அதனால் செம்பருத்தி அக்கா, வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள், அந்த லேப்டாப்பிலிருந்து அல்ல, வேறு சுத்தமான கருவியிலிருந்து. இருபடிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

#9 மஞ்சள் மோட்டோ | சனி, மாலை 4.15

அண்ணே... அந்தப் பாட்டி விஷயம். சரி, நான் ஒன்றும் பேசவில்லை.

#10 பழைய கிராணி | சனி, மாலை 6.50

பிள்ளைகளே, நான் தோட்டத்து ஆபீஸில் 31 வருடம் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். எந்தத் தோட்டம் என்பது வேண்டாம், மானேஜர் இன்னும் நல்லபடியாக இருக்கிறார்.

2000 மே முதல் வாரம். ஆபீஸில் ஒரே ஒரு கணினி, இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகக் கீச்சுக் கீச்சென்று ஏறும். காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் மானேஜரிடமிருந்து ஒரு கடிதம், தலைப்பு ‘ஐ லவ் யூ’. அவர் எனக்கு ‘குட் மார்னிங்’ சொல்லியே ஆறு மாதம் ஆகியிருந்தது. அடுத்தது தலைமை அலுவலகக் கணக்காளரிடமிருந்து, அதுவும் ‘ஐ லவ் யூ’. அதற்கடுத்தது உரம் விற்கும் கம்பெனியிலிருந்து. மூன்று பேருக்கும் ஒரே நாளில் என் மேல் என்ன இத்தனை பிரியம் என்று திறந்துவிட்டேன்.

இணைப்பின் பெயர் காதல் கடிதம், கடைசியில் டாட் டிஎக்ஸ்டி என்று முடிந்தது. வெறும் எழுத்துக் கோப்பு என்று நினைத்தேன். உண்மையில் அதற்குப் பின்னால் டாட் விபிஎஸ் என்று இன்னொரு வால் இருந்தது, அது ஓடுகிற ஸ்கிரிப்ட். விண்டோஸ் அந்தக் கடைசி வாலை மறைத்துக் காட்டும். அது மணிலாவில் ஓனல் டி குஸ்மான் என்ற ஒரு மாணவன் எழுதியது. அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் தன்னைத்தானே அனுப்பும், படக் கோப்புகளின் மேல் தன்னையே எழுதி அழிக்கும். லயத்துப் பிள்ளைகளின் விளையாட்டு விழாப் படங்களை ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து வைத்திருந்தேன், எல்லாம் போயின. பிலிப்பைன்ஸில் அப்போது அதைத் தண்டிக்கச் சட்டமே இல்லை, வழக்கைக் கைவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, அந்த வாலை மறைக்கும் பழக்கம் விண்டோஸில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. புதுக் கணினி வாங்கினால் நான் முதலில் செய்வது ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூவுக்குப் போய்க் கோப்புப் பெயரின் வாலைக் காட்டு என்று டிக் போடுவதுதான். ‘பில் டாட் பிடிஎஃப் டாட் எக்ஸ்இ’ என்று முழுப் பெயரும் தெரிந்தால் என் பேரன்கூடச் சொடுக்க மாட்டான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டம் 1917-இல் தொடங்கிய, நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மரம் நட்டால் ஒரு நோய் வந்தால் போதும். செம்பனைக்குக் கனோடர்மா என்று ஒரு பூஞ்சை உண்டு. அடிமரத்தில் காளான் குடை தெரியும்போது உள்ளே பாதி அழுகியிருக்கும். அந்த மரத்துக்கு மருந்து அடித்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். முதலில் சுற்றிப் பள்ளம் வெட்டுவார்கள், அதன் வேர் அடுத்த மரத்தின் வேரைத் தொடாதபடி. ஷிஃப்ட் தம்பி முதல் வரியில் வைஃபையை அணைக்கச் சொன்னபோது எனக்கு அந்தப் பள்ளம்தான் ஞாபகம் வந்தது.

#11 டீச்சரம்மா | சனி, இரவு 8.33

கிராணி ஐயாவுக்கு வணக்கம். ‘மூன்று பேருக்கும் ஒரே நாளில்’ படித்து வீட்டில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

தமிழ்ப்பள்ளியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பெற்றோரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: பிள்ளைக்கு நிர்வாகிக் கணக்கைக் கொடுக்காதீர்கள். செட்டிங்ஸில் இன்னொரு பயனர் கணக்கு உருவாக்கினால் அது இயல்பாகவே சாதாரணக் கணக்காகத்தான் வரும். அதில் உட்கார்ந்து பிள்ளை கணினி முழுவதையும் தொடுகிற எதையாவது நிறுவப் பார்த்தால் அம்மாவின் பாஸ்வேர்ட் கேட்கும். ரோப்லாக்ஸுக்கு இலவசக் காசு தரும் செயலி என்று என் மாணவன் ஒருவன் இறக்கியது இப்படித்தான் வாசலிலேயே நின்றது. உங்களுக்கும் அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கே போதும்.

அப்புறம், திரையின் மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று அடிக்கடி எட்டிப் பார்க்குமே, என் அம்மா அதைக் கண்டு அழவே தொடங்கிவிட்டார். அது வைரஸே இல்லை. ஏதோ ஒரு நாடகத் தளத்தில் ‘அலோ’ என்பதை அழுத்தியிருப்பார், அந்தத் தளம் அனுப்புகிற அறிவிப்பு அது. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அதில் ஒரு தொலைபேசி எண் இருந்தால் கூப்பிடவே கூடாது. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது.

கைப்பேசியையும் மறக்காதீர்கள். புலனத்தில் கல்யாண அழைப்பிதழ் என்று வருகிற ஏபிகே கோப்பு அழைப்பிதழ் அல்ல, குறுஞ்செய்தியைப் படித்து வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணைத் திருடுகிற செயலி. அழைப்பிதழுக்கு எதற்குச் செயலி நிறுவ வேண்டும்? மாட்டிக்கொண்டால் உடனே வங்கியைக் கூப்பிடுங்கள், அல்லது மோசடிப் புகார் எண் 997. கணினிச் சிக்கலுக்கு சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999, எண் 1-300-88-2999.

#12 ராத்திரி ஷிஃப்ட் | சனி, இரவு 9.20

199 வெள்ளிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. என் பதில்: வேண்டாம். டிஃபெண்டர் விண்டோஸோடு சும்மா வருகிறது, ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தில் பலமுறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. வேறொன்று வாங்கிப் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும், ஒரு வருடம் கழித்துச் சந்தா முடிந்ததைக் கவனிக்காமல் விட்டீர்கள் என்றால் பழைய கதைதான். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் முட்டாள்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் லேப்டாப் ஏற்கெனவே மூச்சு வாங்குகிறது. அந்த 199 வெள்ளிக்கு ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

பெரிய சிக்கல் வேறு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்து, அப்டேட் பக்கத்தில் நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை கிடைக்கும். அமைப்புகளை ஒன்ட்ரைவில் காப்பெடுக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. 2016 லேப்டாப்பின் பிராசஸர் விண்டோஸ் 11-இன் பட்டியலில் இருக்காது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை வேண்டும். பிறகு என்ன செய்வது? லினக்ஸ் மின்ட் போடலாம், லிப்ரெஆஃபீஸ் அதிலேயே வரும். மோட்டோ தம்பி கேட்ட ‘காசில்லாதவன் என்ன செய்வது’ என்பதற்கும் இதுதான் பதில், கிராக் இல்லை.

அப்டேட்டைத் தள்ளிப் போடுகிறவர்களுக்கு ஒன்று. 2017 மே 12, வெள்ளிக்கிழமை வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டும் புழு வந்தது. யாரும் எதையும் சொடுக்கவில்லை, இணைப்பு வழியாகத் தானே பரவியது. 150 நாடுகள். அதற்கான ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே அடைத்துவிட்டது. அடிபட்டவர்கள் அந்த அப்டேட்டைப் போடாதவர்கள்.

#13 ஈஜோக் வாசி | சனி, இரவு 10.10

ஹார்ட் டிஸ்க் வாங்கினால் எடுத்த பிறகு கழற்றி அலமாரியில் வையுங்கள். கேமரா அண்ணனுக்கு ஆனது போல ஆகாமல் இருக்க மட்டுமில்லை. நம் பக்கத்தில் சாயங்காலம் இடி இறங்கினால் மோடம், லேப்டாப், செருகியிருக்கிற டிஸ்க் மூன்றையும் சேர்த்துக் கொண்டு போகும். எனக்குப் போன வருடம் அப்படித்தான். வைரஸாவது கடிதம் எழுதி வைக்கிறது.

#14 மஞ்சள் மோட்டோ | ஞாயிறு, பிற்பகல் 12.25

தூக்கம் வரவில்லை. என் கணினியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டினேன், விண்டோஸ் ஏறுவதற்கு முன்னாலேயே சோதிக்கிற வகை, கால் மணி நேரம் ஆனது. நான்கு கண்டுபிடித்தது. நான்கும் கிராக் ஃபோல்டரில். அதில் ஒன்று பாஸ்வேர்ட் திருடி.

டிஃபெண்டர் இப்போது விழித்திருக்கிறதா என்று பார்க்க ஐகார் சோதனைக் கோப்பைப் போட்டேன். வெறும் 68 எழுத்து, ஆபத்தில்லை, எல்லா ஆன்டிவைரஸும் அதைக் கண்டால் கத்த வேண்டும் என்று ஏற்பாடு. சேமித்த உடனே பிடித்தது. பாஸ்வேர்ட் எல்லாம் மாற்றிக்கொண்டிருக்கிறேன். 41 தளம் இருக்கிறது, இப்போது 12-இல் இருக்கிறேன்.

#15 செம்பருத்தி | செவ்வாய், இரவு 9.55

முடிந்தது!

டீச்சரம்மா வீட்டுக் கணினியில்தான் நிறுவல் வட்டு செய்து வந்தோம், ஒரே தாமான் (குடியிருப்பு) என்று இந்த இழையில்தான் தெரிந்தது. ஹோம் தானாகவே ஆக்டிவேட் ஆனது. மகளுக்குத் தனிக் கணக்கு. நீட்டிப்பிலும் சேர்ந்துவிட்டேன். கணவர் நண்பரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர்தான் எங்கள் தண்ணீர்க் குழாயும் பார்க்கிறவர்.

பென் டிரைவைச் செருகினேன், டிஃபெண்டர் ஷார்ட்கட் அத்தனையையும் தூக்கியது, பென் டிரைவ் காலியாகத் தெரிந்தது. ஷிஃப்ட் தம்பி சொல்லியிருக்காவிட்டால் அங்கேயே அழுதிருப்பேன். டிக்கை எடுத்ததும் மங்கலாக ஃபோல்டர்கள் வந்தன. ஃபோலியோ, கணக்கு, படங்கள், எல்லாம்.

அதற்கும் கீழே பெயரே இல்லாத இன்னொரு ஃபோல்டர். திறந்தால் 2022, 2023 திருவிழாக் கணக்கு. நன்கொடைப் பட்டியல், அன்னதானச் செலவு, பந்தல் ரசீது ஸ்கேன், காணாமல் போன அத்தனையும். அப்போதே ஒரு தடவை புழு வந்து ஒளித்திருக்கிறது, ஏதோ ஒரு ஆன்டிவைரஸ் ஷார்ட்கட்டை மட்டும் அழித்துவிட்டுப் போயிருக்கிறது. மகள் எதையும் அழிக்கவில்லை.

கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். ‘இரண்டாம் படிவத்தில் இதற்காகத்தானேம்மா என் டேப்லெட்டை ரெண்டு மாசம் பிடுங்கி வெச்சீங்க?’ என்றாள்.

#16 பழைய கிராணி | செவ்வாய், இரவு 10.30

அம்மா, பாக்கியை வட்டியோடு கொடுத்துவிடுங்கள். 2023 பந்தல் ரசீதை மட்டும் நாளைக்குக் கோவிலுக்குக் கொண்டு வர முடியுமா? அந்த 300 வெள்ளியை நான்தான் தின்றுவிட்டேன் என்று இன்னும் இரண்டு பேர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.